ஒரே சர்வரா, பல சர்வரா? பரவல் கோப்பு அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் டேட்டா சேராத இடமே இல்லை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ, அச்சகம், பள்ளி, கல்லூரி ஆய்வகம் என்று எங்கே போனாலும் "டிஸ்க் நிறைந்துவிட்டது, இனி என்ன செய்வது?" என்ற பேச்சு வருகிறது. அந்தப் பேச்சோடு, டேட்டாவைப் பல கம்ப்யூட்டர்களில் பிரித்து வைக்கும் ஹடூப், செஃப் போன்ற மென்பொருள்களின் பெயர்களும் வருகின்றன. பொறியியல் மாணவர்களும், ஸ்டுடியோ வைத்திருப்பவர்களும், கல்லூரி சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாணவர்களுக்குப் பாடம் புரிய வேண்டும், மற்றவர்களுக்குப் பணம் வீணாகக் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

பரவல் கோப்பு அமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு ஃபைலைத் துண்டுகளாக்கி, அந்தத் துண்டுகளையும் அவற்றின் பிரதிகளையும் பல கம்ப்யூட்டர்களில் வைத்து, பயன்படுத்துபவருக்கு மட்டும் ஒரே இடமாகக் காட்டும் ஏற்பாடு அது. கூகுள் ஃபைல் சிஸ்டம், ஹடூப்பின் எச்டிஎஃப்எஸ், செஃப், குளஸ்டர் எஃப்எஸ் எல்லாம் இந்தக் குடும்பம். அமேசான் எஸ்3 மாதிரியான ஆப்ஜெக்ட் சேமிப்பும் (ஒவ்வொரு ஃபைலையும் ஆப்ஜெக்ட் என்ற ஒரே பொருளாக, ஒரு பெயரில் வைத்து எடுப்பது) உள்ளுக்குள் இதே வேலையைத்தான் செய்கிறது, வெளியே தெரியும் முகம்தான் வேறு.

இதை "ரொம்பப் பெரிய ஹார்ட் டிஸ்க்" என்று புரிந்துகொள்பவர்கள் அதிகம். அளவு ஒரு காரணம்தான், ஆனால் வித்தியாசத்தின் வேர் அங்கே இல்லை. ஒரே கம்ப்யூட்டர் கெட்டால் பொதுவாக எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்று மட்டும் கெடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். அப்போது எது கெட்டது, உண்மையிலேயே கெட்டதா, அல்லது பதில் சொல்லத் தாமதமாகிறதா என்பது மற்றவற்றுக்கு உறுதியாகத் தெரியாது. இந்த அமைப்புகளின் சிக்கல், செலவு, கட்டுப்பாடு எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

சரி, சாதாரண ஃபைல் சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது?

லினக்ஸில் இஎக்ஸ்டி4, விண்டோஸில் என்டிஎஃப்எஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் முழுவதும் சிறு சிறு பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இஎக்ஸ்டி4-இல் வழக்கமாக ஒரு பிளாக் 4 கிலோபைட். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்ற ஒரு பதிவு உண்டு. யாருடைய ஃபைல், யார் படிக்கலாம், எத்தனை பைட், எந்தெந்த பிளாக்குகளில் இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். ஃபைலின் பெயர் ஐநோடில் இருக்காது, ஃபோல்டரில் இருக்கும். அதனால்தான் ஒரே டிஸ்க்குக்குள் 50 ஜிபி வீடியோவை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. டேட்டா அசைவதே இல்லை, பெயர் மட்டும்தான் இடம் மாறுகிறது.

இதையெல்லாம் நிர்வகிப்பது ஒரே கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. இரண்டு புரோகிராம்கள் ஒரே ஃபைலை எழுத வந்தால் யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். அதன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். நீங்கள் எழுதுவது முதலில் ராமில்தான் விழும், சில நொடிகள் கழித்தே டிஸ்க்குக்குப் போகும். நடுவில் கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பு சிதையாமல் காப்பது ஜர்னல். செய்யப்போகும் மாற்றத்தை முதலில் அதில் குறித்துவிட்டு, பிறகுதான் உரிய இடத்தில் எழுதுவார்கள். ஆனால் இஎக்ஸ்டி4 இயல்பாக மெட்டாடேட்டாவை (பெயர், அளவு, இடம் போன்ற ஃபைல் பற்றிய விவரங்களை) மட்டுமே ஜர்னலில் குறிக்கிறது. கடைசி சில நொடிகளில் எழுதிய டேட்டா போயிருக்கலாம். அது போகக்கூடாது என்றால் புரோகிராம் எஃப்சிங்க் என்ற கட்டளையை அழைத்து, "டிஸ்க்கில் இறங்கிவிட்டது" என்ற பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே மெஷினிலேயே இத்தனை கவனம் தேவைப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) இருக்கிறது, நாலு கம்ப்யூட்டரிலும் அதே ஃபோல்டர் தெரிகிறது. இது பரவல் அமைப்புதானே அண்ணே?

இல்லை தம்பி. இது நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் இந்த வகைக்கு நல்ல உதாரணம், விண்டோஸ் ஷேரிங்கும் இதே வகைதான். பல இடத்திலிருந்து எடுக்கலாம், ஆனால் டேட்டா இருப்பது ஒரே பெட்டியில். பெட்டி நின்றால் நாலு பேர் வேலையும் நிற்கும்.

ஆனாலும் பரவல் அமைப்பின் தலைவலிகளில் ஒன்று இங்கேயே தொடங்கிவிடுகிறது. வேகத்துக்காக ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சில விவரங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். லினக்ஸில் என்எஃப்எஸ் இயல்பாக ஒரு ஃபைலின் விவரத்தை 3 முதல் 60 நொடிகள் வரை நம்பி வைத்திருக்கும். அந்த இடைவெளியில் பக்கத்து மேசையில் ஒருவர் ஃபைலை மாற்றியிருந்தாலும் உங்களுக்குப் பழைய விவரமே தெரியலாம். ஃபைலை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் புதியது கிடைக்கும் என்பதுதான் என்எஃப்எஸ் தரும் வாக்குறுதி. உள்ளூர் டிஸ்க்கில் இந்தச் சந்தேகமே எழாது.

இதே காலத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டத்தையும் மாணவர்கள் படிக்க வேண்டும். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன், சென்னை ஐஐடியில் படித்தவர். ஃபைல் மாறினால் சர்வரே கிளையண்டுக்கு (ஃபைலைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு) தகவல் சொல்லும் ஏற்பாடு அதில் இருந்தது.

ரெய்டு போட்டிருக்கிறோம். அது போதாதா?

டிஸ்க் கெடுவதற்கு மட்டும் போதும். 1988-இல் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய இந்த முறை, பெட்டிக்குள் ஒரு டிஸ்க் செத்தால் மற்ற டிஸ்க்குகளிலிருந்து டேட்டாவை மீட்டுத் தரும். மதர்போர்டு, பவர் சப்ளை, ரெய்டு கார்டு, அந்த அறையில் இறங்கிய மழைத்தண்ணீர் இவற்றுக்கெல்லாம் அதனிடம் பதில் இல்லை.

பலரும் கவனிக்காத இன்னொன்று, டிஸ்க் சத்தமில்லாமல் ஒரு பிட்டை மாற்றித் தருவது. இஎக்ஸ்டி4 உங்கள் டேட்டாவுக்குச் சரிபார்ப்பு எண் வைப்பதில்லை, அதனால் கெட்டுப்போன போட்டோவையும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் சரிபார்க்கும். எச்டிஎஃப்எஸ் ஒவ்வொரு 512 பைட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, பொருந்தாவிட்டால் வேறு மெஷினில் உள்ள நல்ல பிரதியைப் படித்துக் கொடுக்கும், கெட்டதைத் தூக்கிவிட்டுப் புதுப் பிரதியும் எடுத்துக்கொள்ளும்.

நூறு மெஷின் இருந்தால், என் ஃபைல் எதில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன.

ஒன்று, எல்லாவற்றையும் ஒரு மெஷினில் குறித்துவைப்பது. 2003-இல் வெளியான கூகுள் ஃபைல் சிஸ்டம் கட்டுரையில் மாஸ்டர் என்று ஒரு மெஷின் வரும். ஃபைலை 64 எம்பி துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 3 பிரதி எடுத்து, எது எங்கே என்பதை மாஸ்டர் தன் ராமில் வைத்திருக்கும். டேட்டா மாஸ்டர் வழியாக வராது, இடத்தை மட்டும் அது சொல்லும், நீங்கள் நேராக அந்த மெஷினிடம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் இந்தக் கட்டுரையைப் பார்த்துச் செய்த வேலைதான் பிறகு எச்டிஎஃப்எஸ் ஆனது. அங்கே மாஸ்டருக்கு நேம்நோடு என்று பெயர், துண்டின் அளவு ஹடூப் 2-இலிருந்து 128 எம்பி. இந்த வழி எளிது, படிக்கும் மாணவருக்கு உடனே புரியும். ஆனால் நேம்நோடு நின்றால் எல்லாம் நிற்கும். ஆரம்பகால ஹடூப்பில் அப்படித்தான் இருந்தது, பிறகுதான் மாற்று நேம்நோடு வைக்கும் வசதி வந்தது.

இன்னொன்று, குறித்தே வைக்காமல் கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது. மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். "மேல ஆவணி மூல வீதி" என்று சொன்னாலே போதும், கோயிலுக்கு மேற்கே, சித்திரை வீதிக்கு வெளியே, மாசி வீதிக்கு உள்ளே என்று தெரிந்துவிடும். பெயரிலேயே திசையும் சுற்றும் இருப்பதால் யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. செஃப் அமைப்பில் உள்ள கிரஷ் என்ற கணக்கு இப்படித்தான். ஆப்ஜெக்ட்டின் பெயரையும் கிளஸ்டரின் (சேர்ந்து வேலை செய்யும் மெஷின் கூட்டத்தின்) வரைபடத்தையும் கொடுத்தால், எந்தெந்த டிஸ்க் என்று கிளையண்டே கணக்கிட்டுக்கொள்ளும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வெயில் செய்த ஆய்விலிருந்து வந்தது செஃப், அதன் கட்டுரை 2006-இல் வெளியானது.

ஏ.பி. பெரியசாமி தொடங்கிய குளஸ்டர் எஃப்எஸ்ஸும் மெட்டாடேட்டா சர்வர் இல்லாமல், ஃபைல் பெயரை ஹாஷ் செய்து (கணக்கால் ஒரு எண்ணாக மாற்றி) இடம் காண்கிறது. அவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த நிறுவனத்தை 2011-இல் ரெட் ஹேட் வாங்கியது. நம் ஊர் மாணவர்களிடம் நான் இதை விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையின் அடிப்படை வேலைகளில் நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து போனவர்களின் கை இருக்கிறது, பயன்படுத்துபவராக மட்டும் நாம் நின்றுவிட வேண்டியதில்லை.

கணக்குப் போடும் வழியிலும் ஒரு விலை உண்டு. புது மெஷின் சேர்த்தால் வரைபடம் மாறும், வரைபடம் மாறினால் சில துண்டுகள் இடம் மாறியாக வேண்டும். அந்த நேரத்தில் நெட்வொர்க்கும் டிஸ்க்கும் அதற்கே உழைக்கும்.

ஒரு மெஷின் செத்துப்போனால் மற்றவற்றுக்கு எப்படித் தெரியும்?

உறுதியாகத் தெரியாது. தெரிந்ததாக முடிவு செய்துகொள்ளும், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எச்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு மெஷினும் 3 நொடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று நேம்நோடுக்குச் சொல்லும். பத்தரை நிமிடம் சத்தமே இல்லை என்றால்தான் இயல்பான அமைப்பில் அதை இறந்ததாகக் கணக்கில் எடுத்து, அதிலிருந்த துண்டுகளுக்கு வேறு இடத்தில் புதுப் பிரதி எடுக்கத் தொடங்கும். ஏன் இத்தனை நேரம்? சுவிட்ச் ஒன்று ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம், யாராவது கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கலாம். அவசரப்பட்டால், உயிரோடிருக்கும் மெஷினின் பல டெராபைட் டேட்டாவை வீணாக நகலெடுக்க வேண்டிவரும். தாமதித்தால், அதற்குள் இன்னொரு மெஷினும் போகலாம். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போட்டாலும் அது ஊகம்தான்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. உங்களிடம் இரண்டு சர்வர் இருக்கிறது, ஒன்று மதுரை அண்ணா நகரில், ஒன்று திருநகரில். இரண்டிலும் ஒரே டேட்டா. சாலை தோண்டும்போது நடுவில் உள்ள ஃபைபர் அறுந்துவிட்டது. இரண்டு சர்வரும் நன்றாகத்தான் ஓடுகின்றன, ஆனால் "மற்றது செத்துவிட்டது, இனி நான்தான் பொறுப்பு" என்று இரண்டுமே நினைக்கின்றன. அண்ணா நகரில் ஒருவர் ஒரு பில்லைத் திருத்துகிறார், திருநகரில் இன்னொருவர் அதே பில்லை வேறு விதமாகத் திருத்துகிறார். சாயங்காலம் கேபிளை ஒட்டுகிறார்கள். இப்போது எந்த பில் உண்மை? எந்த மென்பொருளாலும் இதற்கு நியாயமான பதில் சொல்ல முடியாது. ஸ்பிளிட் பிரெயின் என்று சொல்வது இதைத்தான். "இரண்டு சர்வர் வைத்தால் பாதுகாப்பு" என்று நம்பி அமைப்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவதாக தல்லாகுளத்தில் ஒன்று வைத்தால் வழி பிறக்கிறது. எந்த முடிவுக்கும் மூன்றில் இரண்டு சம்மதிக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். திருநகர் தனியாகத் துண்டிக்கப்பட்டால், தான் சிறுபான்மை என்பது அதற்கே தெரியும், எழுத மறுத்துவிடும். மற்ற இரண்டும் தொடரும். இந்த விதி பலிப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. மூன்று பேரில் எந்த இரண்டு பேர் குழுவை எடுத்தாலும், இன்னொரு இரண்டு பேர் குழுவோடு குறைந்தது ஒருவராவது பொதுவாக இருப்பார். முன்பு எடுத்த முடிவை அவர் அறிந்திருப்பார், அதனால் முரணான இரண்டு முடிவு எடுக்க முடியாது. செஃப்பில் கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர்களை 3 அல்லது 5 என்று ஒற்றைப்படையில் வைப்பதும் இதனால்தான். 4 வைத்தால் 3 சம்மதிக்க வேண்டும், ஆக ஒன்றுதான் போகலாம். 3 வைத்தாலும் ஒன்று போகலாம். நாலாவது மெஷினால் லாபம் இல்லை.

இங்கே திருநகர்க்காரருக்கு ஒரு வருத்தம் இருக்கும். அவர் சர்வர் நன்றாக ஓடுகிறது, இருந்தும் எழுத முடியவில்லை. தொடர்பு அறுந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரே உண்மையும் வேண்டும், எல்லா சர்வரும் பதிலும் சொல்ல வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 2000-இல் எரிக் புரூவர் முன்வைத்ததும், 2002-இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபித்ததும் இதுதான். பாடப் புத்தகங்களில் கேப் தேற்றம் என்று இருக்கும். ஒரே உண்மை, எப்போதும் பதில், தொடர்பு அறுந்தாலும் ஓடுவது என்ற "மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம்" என்று மனப்பாடம் செய்வதைவிட, ஃபைபர் அறுந்த அன்று திருநகரில் என்ன நடக்க வேண்டும் என்று யோசித்தால் தேற்றம் தானாகப் புரியும்.

3 பிரதி என்றால் டிஸ்க் செலவும் மூன்று மடங்கா?

பிரதி எடுத்தால் ஆமாம். 10 டிபி வீடியோவுக்கு 30 டிபி வேண்டும்.

இதைக் குறைக்க இரேஷர் கோடிங் இருக்கிறது. 1960-இல் ரீடும் சாலமனும் தந்த கணிதம்தான் அடிப்படை. டேட்டாவை 6 துண்டாக்கி, அவற்றிலிருந்து 3 உபரித் துண்டுகளைக் கணக்கிட்டு, 9 மெஷின்களில் வைப்பார்கள். எந்த 3 போனாலும் மீதி 6-ஐ வைத்து எல்லாவற்றையும் மீட்கலாம். 10 டிபிக்கு 15 டிபி போதும், அதோடு 3 பிரதி முறையைவிட ஒன்று கூடுதலாகவே இழப்பைத் தாங்கும். ஹடூப் 3-இலிருந்து எச்டிஎஃப்எஸ்ஸில் இது உண்டு. பேக்பிளேஸ் நிறுவனம் தன் சேமிப்பில் 17 டேட்டா துண்டு, 3 உபரித் துண்டு என்ற அமைப்பை வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

ஆனால் 6+3 முறையில் ஒரு துண்டு போனால் அதை மீட்க 6 துண்டுகளைப் படிக்க வேண்டும். பிரதி முறையில் ஒன்றைப் படித்தால் போதும். அதனால் அடிக்கடி தொடும் டேட்டாவுக்குப் பிரதி, எப்போதாவது எடுக்கும் பழைய டேட்டாவுக்கு இரேஷர் கோடிங் என்று வைப்பதே நல்லது.

என் புரோகிராம் அப்படியே ஓடுமா?

படிப்பது, புதிதாக எழுதுவது வரைக்கும் பெரும்பாலும் ஓடும். நடுவில் திருத்துவது, பூட்டுவது (ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுப்பது), பெயர் மாற்றுவது இவற்றில்தான் இடிக்கும்.

எச்டிஎஃப்எஸ்ஸில் ஒருமுறை எழுதிய ஃபைலின் நடுவில் போய்த் திருத்த முடியாது, கடைசியில் சேர்க்கலாம். எஸ்3-இல் ஃபோல்டரே கிடையாது. "கல்யாணம்/2024/படம்1" என்பது முழுவதும் ஒரே பெயர், சாய்கோடும் பெயரின் பகுதிதான். அதனால் வழக்கமான எஸ்3 பக்கெட்டில் (டேட்டா போட்டுவைக்கும் கொள்கலனில்) ஒரு "ஃபோல்டரின்" பெயரை மாற்றுவது என்றால் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் புதுப் பெயரில் நகலெடுத்துப் பழையதை அழிப்பது. உள்ளூர் டிஸ்க்கில் ரீநேம் என்பது நடந்தால் முழுவதும் நடக்கும், இல்லையென்றால் நடக்காது. அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் ஏராளம். இங்கே பாதி நகலெடுத்த நிலையில் நிற்க வாய்ப்பு உண்டு.

எஸ்3 2006 மார்ச்சில் வந்தது. 2020 டிசம்பர் வரை, ஒரு ஆப்ஜெக்ட்டை மாற்றி எழுதிய உடனே படித்தால் பழையது கிடைக்க வாய்ப்பிருந்தது. அதன் பிறகுதான், எழுதியது உடனே தெரியும் என்ற உறுதியைத் தந்தார்கள். பழைய பாடக்குறிப்பை வைத்துப் படிக்கும் மாணவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்கவும்.

செஃப்பின் ஃபைல் சிஸ்டமான செஃப் எஃப்எஸ் உள்ளூர் ஃபைல் சிஸ்டத்தின் நடத்தைக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் ஒவ்வொரு பூட்டும் நெட்வொர்க்கில் போய்வர வேண்டும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துப் பல கம்ப்யூட்டரிலிருந்து எழுதாதீர்கள். பூட்டு சரியாக வேலை செய்யாமல் டேட்டாபேஸ் கெடக்கூடும் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள்.

பத்து மெஷின் போட்டால் பத்து மடங்கு வேகம் வருமா?

பெரிய ஃபைல்களைப் பல பேர் ஒரே நேரத்தில் படித்தால், கிட்டத்தட்ட வரும். ஒரே ஆள் ஒரு சின்ன ஃபைலைத் திறந்தால், உள்ளூர் எஸ்எஸ்டியைவிட மெதுவாகவே இருக்கும்.

நெட்வொர்க்கை முதலில் பாருங்கள். ஒரு ஜிகாபிட் லைனில் நொடிக்கு 110 எம்பி சுமாராகப் போகும். இன்றைய சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றே வரிசையாகப் படித்தால் அதைத் தாண்டிவிடும். அதாவது ஜிகாபிட் சுவிட்ச்சில் செஃப் போட்டால், எத்தனை டிஸ்க் வாங்கினாலும் ஒருவருக்கு ஒரு டிஸ்க்கின் வேகம்கூட வராது. 10 ஜிகாபிட் இல்லாமல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்பேன்.

தூரமும் சேர்ந்துகொள்ளும். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மதுரையிலிருந்து சென்னை ஏறத்தாழ 450 கிலோமீட்டர். போய்வர மட்டும் நாலரை மில்லிசெகண்ட் ஆகும், நடைமுறையில் இன்னும் கூடும். எஸ்எஸ்டியில் ஒரு படிப்பு 0.1 மில்லிசெகண்ட் அளவில் முடிகிறது. சென்னையில் ஒரு பிரதி எழுதப்பட்ட பிறகே "சேமித்தாயிற்று" என்று சொல்லும்படி அமைத்தால், ஒவ்வொரு சேமிப்பும் அந்தத் தூரத்தைச் சுமக்கும். எந்த விலை கொடுத்தாலும் இந்தத் தாமதத்தை வாங்கிக் குறைக்க முடியாது.

பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்கிறோம். 1 கோடி சின்ன ஃபைல் வரும். எச்டிஎஃப்எஸ்ஸில் வைக்கலாமா?

அப்படியே வைக்க வேண்டாம். ஒவ்வொரு சின்ன ஃபைலும் 128 எம்பியை அடைத்துக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது தவறு. 200 கேபி ஃபைல் டிஸ்க்கில் 200 கேபிதான் எடுக்கும். பிரச்சினை நேம்நோடின் ராமில். ஃபைலுக்கு ஒன்று, பிளாக்குக்கு ஒன்று என்று ஒவ்வொரு பதிவுக்கும் சுமார் 150 பைட் ஆகும். 1 கோடி ஃபைலுக்கு 3 ஜிபி. அதே டேட்டாவை நூலுக்கு ஒரு தொகுப்பு ஃபைலாகக் கட்டி வைத்தால் நேம்நோடுக்குச் சுமையே தெரியாது. படிக்கும்போதும் ஒரே தொடர்பில் வரிசையாக வரும்.

உங்கள் வேலைக்கு ஆப்ஜெக்ட் சேமிப்பே பொருத்தம் என்பது என் கருத்து. ஸ்கேன் செய்த பக்கத்தை யாரும் நடுவில் திருத்தப்போவதில்லை.

மூன்று பிரதி இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

பிரதி என்பது பேக்கப் அல்ல. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரதி காப்பது மெஷின் கெடுவதிலிருந்து. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த அழிப்பு மூன்று பிரதிக்கும் ஒழுங்காகப் போய்ச்சேரும். ரான்சம்வேர் வந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களுக்குத்தான் மூன்று பிரதி இருக்கும்.

ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோவைத் திரும்ப எடுக்க முடியாது. கிளஸ்டரோடு சேராத தனி டிஸ்க்கில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று வையுங்கள். வைத்ததிலிருந்து சில ஃபைல்களை அவ்வப்போது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

அப்படியென்றால் எங்களுக்கு இது தேவையா, இல்லையா?

ஸ்டுடியோ கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை 4 கேமராவில், நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில், 10 மணி நேரம் எடுக்கிறீர்கள். ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜிபி, மொத்தம் 1.8 டிபி. பெரிய டேட்டாதான், ஆனால் ஒரே டிஸ்க்கில் அடங்கும். வருடம் முழுவதும் சேர்த்தாலும் எட்டு டிஸ்க் போடும் ஒரு பெட்டியில் பெரும்பாலும் அடங்கிவிடும். இசட்எஃப்எஸ் போட்ட ஒரு நல்ல சர்வர், தனியே பேக்கப், ஒரு யுபிஎஸ். இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். அச்சகம், பள்ளி, கடைகளுக்கும் இதே பதில்தான்.

ஒரே பெட்டியில் எப்படியும் அடங்காது, அல்லது அரை மணி நேரம்கூட நிற்கக் கூடாது, இவற்றில் ஒன்றாவது இருந்து, கூடவே இரவில் அழைத்தால் எடுத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் யோசிக்கலாம். மூன்று மெஷினையும் வாங்கிவிட்டு அந்த ஆள் இல்லையென்றால், ஒரே சர்வரைவிட அதிக நேரம் நின்றுபோகும் அமைப்புதான் கிடைக்கும்.

அப்புறம், மூன்று மெஷினையும் ஒரே அறையில் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டினால், அந்த யுபிஎஸ்ஸைப் பொறுத்தவரை அது ஒரே மெஷின்தான். எச்டிஎஃப்எஸ் ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) பற்றி விசாரிப்பது சும்மா இல்லை. முதல் பிரதி ஒரு ரேக்கில் என்றால் அடுத்த இரண்டையும் வேறு ரேக்கில் வைக்கும், ஒரு ரேக் முழுவதும் அணைந்தாலும் டேட்டா பிழைக்கும். நீங்கள் ரேக் விவரம் கொடுக்காவிட்டால் எல்லாம் ஒரே ரேக் என்றுதான் அது நினைத்துக்கொள்ளும்.

மாணவன் நான். மூன்று சர்வர் வாங்க வழியில்லை. எப்படிக் கற்றுக்கொள்வது?

16 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கும் கம்ப்யூட்டர்) போதும். நிறுவுவது பெரிய விஷயமல்ல, அதற்கு வழிகாட்டிகள் கிடைக்கும். நிறுவிய பிறகு கெடுத்துப் பாருங்கள். பெரிய ஃபைல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு மெஷினை அணையுங்கள். அடுத்த முறை மெஷினை அணைக்காமல் நெட்வொர்க்கை மட்டும் துண்டியுங்கள். அதற்கடுத்து நெட்வொர்க்கை மிக மெதுவாக்குங்கள். இந்த மூன்றும் மற்ற மெஷின்களுக்கு ஒரே மாதிரி தெரிகிறதா, எத்தனை நொடி கழித்து என்ன முடிவெடுக்கின்றன என்று லாக்கை (மெஷின்கள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவை) படியுங்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் வரையறை சொல்வதைவிட இந்த லாக்கை விளக்குபவரைத்தான் நான் எடுப்பேன்.

மின்வாரியம் பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்தடை அறிவித்திருக்கிறது. கல்லூரியில் உள்ள செஃப் கிளஸ்டரை எப்படி அணைப்பது?

யுபிஎஸ் தீரும்வரை விட்டுவைக்காமல், முன்கூட்டியே வரிசையாக அணையுங்கள். முதலில் கிளஸ்டரைப் பயன்படுத்தும் எல்லா மெஷின்களையும் நிறுத்துங்கள். பிறகு செஃப்பின் அமைப்பில் நோஅவுட் என்ற கொடியை (ஒரு குறியை) வையுங்கள். அது இல்லாவிட்டால், ஒரு டிஸ்க் பதில் சொல்லாமல் 10 நிமிடம் ஆனதும் அதைக் கணக்கிலிருந்து நீக்கி, டேட்டாவை மற்ற டிஸ்க்குகளுக்கு நகர்த்தத் தொடங்கிவிடும். அடுத்து டிஸ்க் சர்வர்கள், கடைசியில் மானிட்டர்கள்.

கரண்ட் வந்ததும் தலைகீழ் வரிசை. சுவிட்ச், மானிட்டர்கள், டிஸ்க் சர்வர்கள், எல்லாம் நலம் என்ற நிலை வந்த பிறகு பயன்படுத்தும் மெஷின்கள். மெஷின்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள், கொஞ்சம் விலகினாலும் மானிட்டர்கள் எச்சரிக்கும். முடித்ததும் நோஅவுட் கொடியை எடுத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை, அடுத்த வாரம் ஒரு டிஸ்க் உண்மையிலேயே செத்தாலும் செஃப் அதற்குப் புதுப் பிரதி எடுக்காமல் காத்துக்கொண்டே இருக்கும்.